15 வயதில் ‘வேண்டாம்’ என்றார்கள்; 31 வயதில் நாட்டுக்காக கோல் அடித்தார்!

பீட்ரூட் புட்டிக்கு மூடி திருகிய பந்தாட்டக்காரரின் கதை

ரிக்கி லாம்பர்ட் என்ற பெயரைச் சொன்னால், இங்கிலாந்தில் பந்தாட்டம் பார்க்கிற எவருக்கும் தெரியும். ஆனால் அவருக்கு 30 வயது ஆகும் வரை அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

30 வயதில் மற்ற ஆட்டக்காரர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள். இவரோ அந்த வயதில்தான் உச்சிப்படியில் கால் வைத்தார்!

அதற்கு முன் அவர் ஊர் ஊராகப் போய்ப் பந்தாடிப் பிழைத்தார். வேலை கிடைக்கிற ஊருக்குக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு போகிற கொத்தனாரைப் போல, பூட்சைத் தூக்கிக்கொண்டு கிளப் கிளப்பாகப் போனார்.

அவருடைய கதை இது.

லிவர்பூல் பையன்

இங்கிலாந்தின் வடமேற்கில் இருப்பது லிவர்பூல் துறைமுகம். அதன் பக்கத்தில் உள்ள ஊர் கிர்க்பி. இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு, லிவர்பூலில் நெருக்கடியில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்காகப் புதிதாக வீடுகள் கட்டி விரிவாக்கிய ஊர் அது.

அங்கே 1982-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி ரிக்கி லாம்பர்ட் பிறந்தார்.

லிவர்பூல் கிளப் என்றால் அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு உயிர். ரிக்கிக்கும் அப்படித்தான். 10 வயதில் அந்தக் கிளப்பின் பயிற்சிப் பள்ளியிலேயே இடம் கிடைத்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

5 ஆண்டுகள் அங்கே பழகினான். 15 வயது ஆனது. “இனி நீ வர வேண்டாம்” என்று கிளப் அனுப்பிவிட்டது.

அதே பள்ளியில் அவனுக்கு மூத்தவனாக ஸ்டீவன் ஜெரார்டு என்ற பையன் பழகிக்கொண்டு இருந்தான். அவன் தேறினான். பிற்காலத்தில் லிவர்பூலுக்கும் இங்கிலாந்துக்கும் காப்டன் ஆனான். ரிக்கி வெளியே வந்தான்.

இப்படி வெளியே வருகிற பையன்கள் இங்கிலாந்தில் ஏராளம். பெரிய கிளப்புகளின் பள்ளிகளில் சேருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொள்வது இல்லை. பள்ளியை விட்டதும் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். வெளியே வந்த பிறகும் விடாமல் நின்றவன் ரிக்கி.

நாலு படி ஏணி

இங்கிலாந்தில் தொழில் பந்தாட்டம் நாலு படி கொண்ட ஏணி போன்றது.

உச்சிப்படியில் 20 கிளப்புகள். அதற்குப் பெயர் பிரிமியர் லீக். அதற்குக் கீழே உள்ள மூன்று படிகளிலும் படிக்கு 24 கிளப்புகள். மொத்தம் 92.

ஒவ்வோர் ஆண்டும் நன்றாக ஆடிய கிளப்புகள் ஒரு படி ஏறும். கடைசியில் நின்றவை ஒரு படி இறங்கும்.

உச்சிப்படியில் பணம் கொட்டுகிறது. உலகமே டெலிவிஷனில் பார்க்கிறது. அடிப்படியில் அப்படி இல்லை. சிறிய மைதானம். சில ஆயிரம் பேர் கூட்டம். அங்கே ஆடுகிறவருக்கு அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்பதே சந்தேகம்.

கீழ்ப்படிகளில்தான் லாம்பர்ட்டின் பிழைப்பு தொடங்கியது.

பீட்ரூட் தொழிற்சாலை

லிவர்பூலுக்கு வடக்கே கடற்கரையில் இருக்கும் பிளாக்பூல் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் பெரிய கோஷ்டியில் லீக் ஆட்டம் ஆட 3 முறைதான் வாய்ப்புக் கிடைத்தது. 2000-ம் ஆண்டில் அந்தக் கிளப்பும் அவரை விட்டுவிட்டது.

வயது 18. கையில் வேலை இல்லை. கிளப்பும் இல்லை.

மேக்கிள்ஸ்பீல்டு என்ற சிறிய ஊரின் கிளப், “வேண்டுமானால் எங்களோடு பழகிக்கொள்” என்றது. சம்பளம் கிடையாது. போக வரச் செலவுக்கே பணம் வேண்டுமே!

லாம்பர்ட் ஒரு பீட்ரூட் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். பீட்ரூட் அடைத்த கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக வரும். அவற்றுக்கு மூடி போட்டுத் திருக வேண்டும். ஒரு நாள் கூலி 20 பவுன்.

புட்டிக்கு மூடி திருகிச் சம்பாதித்த காசில் பந்தாடப் போனார்.

2001-ம் ஆண்டு மார்ச்சு மாதம் மேக்கிள்ஸ்பீல்டு அவரை முறைப்படி சேர்த்துக்கொண்டது. அது நாலாவது படியில் இருந்த கிளப். சின்னக் கிளப்பானால் என்ன? மறுபடியும் அவர் தொழில் ஆட்டக்காரர்!

விலை ஏறியது, இறங்கியது

மேக்கிள்ஸ்பீல்டில் 44 லீக் ஆட்டங்களில் 8 கோல் அடித்தார். 2002-ம் ஆண்டில் பக்கத்து ஊரான ஸ்டாக்போர்ட்டின் கிளப் அவரை 3 லட்சம் பவுன் கொடுத்து வாங்கியது.

‘வாங்கியது’ என்றால், அந்தப் பணம் ஆட்டக்காரர் கைக்கு வராது. ஒரு கிளப்பில் ஒப்பந்தத்தில் இருக்கிறவரை இன்னொரு கிளப் அழைத்துக்கொண்டால், பழைய கிளப்புக்கு ஈடு கொடுக்க வேண்டும். அந்த ஈடுதான் விலை. ஆட்டக்காரருக்குக் கிடைப்பது, புதிய கிளப் பேசுகிற சம்பளம்.

மேக்கிள்ஸ்பீல்டு போன்ற சிறிய கிளப்புக்கு 3 லட்சம் பவுன் பெரும் பணம். ஒரே ஆட்டக்காரரை விற்று அவ்வளவு தொகை அந்தக் கிளப் அதற்கு முன்பு வாங்கியது இல்லை.

ஆனால் ஸ்டாக்போர்ட்டில் பருப்பு வேகவில்லை. அந்தக் கிளப்புக்கே இறங்குமுகம். லாம்பர்ட் 98 லீக் ஆட்டங்கள் ஆடினார். 18 கோல்தான்.

2005-ம் ஆண்டு பிப்ரவரியில் ராச்டேல் கிளப்புக்குப் போனார். மறுபடியும் நாலாவது படி! ஏறிய படியில் இருந்து இறங்கிவிட்டார்.

அவருக்கு அப்போது 23 வயது. ‘இவர் இவ்வளவுதான்’ என்று பலர் முடிவு கட்டியிருப்பார்கள்.

கோல் அடிக்கக் கற்றார்

ஆரம்பத்தில் லாம்பர்ட் நடு ஆட்டத்திலும் ஆடிக்கொண்டு இருந்தார். ராச்டேலில் அவரை முன் வரிசையில் நிறுத்தினார்கள். கோல் அடிப்பதே இனி அவர் வேலை.

ஆறு அடி இரண்டு அங்குலம் உயரம். வாட்டசாட்டமான உடம்பு. ஓட்டத்தில் வேகம் குறைவு. ஆனால் பந்து காலுக்கு வந்துவிட்டால் யாராலும் எளிதில் பிடுங்க முடியாது. எதிரியை முதுகால் தடுத்து நிறுத்துவார். தோழர்கள் ஓடி வரும் வரை பந்தைக் காப்பார். சரியான ஆளுக்கு அளந்து கொடுப்பார். உயரத்தில் வரும் பந்தைத் தலையால் முட்டுவார்.

2005-06 பருவத்தில் ராச்டேலுக்காக லீக் ஆட்டங்களில் 22 கோல் அடித்தார்.

2006-ம் ஆண்டு ஆகஸ்டு மாத முடிவில் பிரிஸ்டல் ரோவர்ஸ் கிளப் அவரை வாங்கியது. விலை 2 லட்சம் பவுன். நாலு ஆண்டுகளுக்கு முன்பு 3 லட்சத்துக்குப் போனவர்! முன்பைவிட நன்றாக ஆடுகிறார், விலையோ குறைந்துவிட்டது. சந்தையின் கணக்கு அப்படி.

2007-ம் ஆண்டில் பிரிஸ்டல் ரோவர்ஸ் மூன்றாவது படிக்கு ஏறியது. லாம்பர்ட்டும் ஏறினார்.

பிறந்த நாள் கோல்

இங்கிலாந்தில் லீக் ஆட்டங்களைத் தவிர எப்.ஏ. கோப்பைப் போட்டி என்று ஒன்று உண்டு. அதில் சின்னக் கிளப், பெரிய கிளப் என்ற பேதம் இல்லை. யாரும் யாருடனும் மோத நேரிடும். தோற்றவர்கள் வெளியே போக வேண்டியதுதான்.

2008-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி. ஐந்தாவது சுற்றில் பிரிஸ்டல் ரோவர்ஸ், தன்னைவிட ஒரு படி மேலே இருந்த சவுத்தாம்ப்டன் கிளப்புடன் மோதியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. யாரும் கோல் போடவில்லை.

ரோவர்சுக்கு ‘பிரீ கிக்’ கிடைத்தது. லாம்பர்ட் ஓங்கி உதைத்தார். பந்து எதிரியின் மீது பட்டுத் திரும்பி வலைக்குள் போய்விட்டது! அந்த ஒரே கோலில் ரோவர்ஸ் வென்றது. 50 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கிளப் கோப்பையின் கால் இறுதிக்குப் போனது.

அன்று லாம்பர்ட்டுக்கு 26-வது பிறந்த நாள்.

அடுத்த பருவத்தில் அவர் 29 லீக் கோல் அடித்தார். மூன்றாவது படியில் அதிக கோல் போட்ட இருவரில் அவர் ஒருவர்.

தோற்ற சவுத்தாம்ப்டன் அந்தப் பெயரை மறக்கவில்லை போலும்!

மானேஜர் சொன்ன சொல்

சவுத்தாம்ப்டன் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள துறைமுகம். அந்தக் கிளப் 27 ஆண்டுகள் உச்சிப்படியில் இருந்து, 2005-ல் இறங்கிவிட்டது. 2009-ல் பண முடையில் சிக்கி மூன்றாவது படிக்கே விழுந்தது. அதற்குத் தண்டனையாக 10 புள்ளிகளும் குறைக்கப்பட்டன. பந்தயம் தொடங்கும் முன்பே, பூஜ்யத்துக்குக் கீழே 10!

மார்க்கஸ் லீபர் என்ற செல்வர் கிளப்பை வாங்கினார். ஆலன் பார்டியூ மானேஜராக வந்தார். 2009-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுமார் 10 லட்சம் பவுன் கொடுத்து லாம்பர்ட்டை வாங்கினார்கள்.

அங்கே லாம்பர்ட் ஒரு கசப்பான பேச்சைக் கேட்க வேண்டி வந்தது.

“உன் திறமைக்கு நீ உச்சிப்படியில் ஆட வேண்டும். ஆனால் உடம்பு கனத்துக் கிடக்கிறது. எடையைக் குறை” என்ற பொருளில் பார்டியூ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். லாம்பர்ட்டே பிற்காலத்தில் பேட்டிகளில் இதைச் சொல்லி இருக்கிறார்.

கேட்டவருக்குக் கோபம் வரலாம். கிளப்பை விட்டே போகலாம். லாம்பர்ட் எடையைக் குறைத்தார். சாப்பாட்டை மாற்றினார். உடற்பயிற்சியைக் கூட்டினார்.

அந்த ஆண்டு மட்டும் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 36 கோல்! லீக்கில் மட்டும் 30. சவுத்தாம்ப்டன் 7-வது இடத்தில் முடிந்தது. தண்டனையாகப் போன 10 புள்ளிகள் இருந்திருந்தால், படி ஏறுவதற்கான பந்தயத்தில் நின்றிருக்கும்.

ஆனாலும் 2010-ம் ஆண்டு மார்ச்சு மாதம் வெம்பிளி மைதானத்தில் ஒரு கோப்பை கிடைத்தது. கீழ்ப்படிக் கிளப்புகளுக்கான லீக் டிராபி அது. கார்லைல் கிளப்பை 4-1 என்று வென்றார்கள். அதில் லாம்பர்ட் ஒரு கோல் போட்டார்.

இரண்டு ஆண்டில் இரண்டு படி

பார்டியூ போனார். நைஜல் அட்கின்ஸ் மானேஜராக வந்தார். பிறகு நடந்தது மளமளவென்று ஏறிய கதை.

2011-ல் மூன்றாவது படியில் இருந்து இரண்டாவது படி. லாம்பர்ட் 21 லீக் கோல்.

2012-ல் இரண்டாவது படியில் இருந்து உச்சிப்படி. லாம்பர்ட் 27 லீக் கோல். அந்தப் படியிலேயே அதிக கோல் போட்டவர் அவர்தான்.

அவரிடம் இன்னொரு வித்தை இருந்தது. அது பெனால்டி.

கோலில் இருந்து 12 கெஜ தூரத்தில் பந்தை வைப்பார்கள். எதிரே கோல் காவலர் ஒருவர் மட்டும். பார்க்கிறவர்களுக்கு எளிது. உதைக்கிறவருக்குத்தான் தெரியும் அதன் பயம். ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். உலகப் புகழ் பெற்ற வீரர்களே வெளியே உதைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

சவுத்தாம்ப்டனுக்காக லாம்பர்ட் 34 பெனால்டி உதைத்தார். 34-ம் கோல்! ஒன்றுகூடத் தவறவில்லை.

சாம்பியனோடு முதல் ஆட்டம்

2012-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி லாம்பர்ட் உச்சிப்படியில் முதன்முதலாக ஆடினார். எதிரி யார் தெரியுமா? அதற்கு முந்தின பருவத்தின் சாம்பியனான மான்செஸ்டர் சிட்டி!

முதலில் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். நடுவில் இறக்கினார்கள். இறங்கிய சிறிது நேரத்தில் கோல் போட்டார். சவுத்தாம்ப்டன் 3-2 என்று தோற்றது. ஆனால் ‘யார் இந்த 30 வயதுக்காரர்?’ என்ற கேள்வி எழுந்துவிட்டது.

அந்தப் பருவம் முழுவதும் அவர் பதில் சொன்னார். 15 கோல். பிரிமியர் லீக்கில் அந்த ஆண்டு எந்த இங்கிலாந்துக்காரரும் அவரைவிட அதிகமாக கோல் போடவில்லை. புகழ்பெற்ற பிராங்க் லாம்பார்டு அவருக்குச் சமமாக 15 கோல் போட்டார். அவ்வளவுதான்!

ஒரே நாளில் இரட்டைச் செய்தி

2013-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். லாம்பர்ட்டின் மனைவிக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது. அதே நாளில் இன்னொரு செய்தி. ‘இங்கிலாந்து கோஷ்டியில் உமக்கு இடம் கிடைத்திருக்கிறது’ என்று!

ஆகஸ்டு 14-ந் தேதி வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. பங்காளிச் சண்டை போன்ற ஆட்டம் அது. இங்கிலாந்து பந்தாட்டச் சங்கத்தின் 150-வது ஆண்டை ஒட்டி நடந்தது.

ஸ்காட்லாந்து இரண்டு முறை முந்தியது. இங்கிலாந்து இரண்டு முறையும் சமன் செய்தது. 2-2.

67-வது நிமிடம். நட்சத்திர வீரர் வெய்ன் ரூனியை வெளியே அழைத்து, லாம்பர்ட்டை இறக்கினார் மானேஜர் ராய் ஹாட்ஜ்சன்.

70-வது நிமிடம். இங்கிலாந்துக்கு ‘கார்னர்’. லெய்டன் பெயின்ஸ் பந்தைத் தூக்கி அடித்தார். லாம்பர்ட் எழும்பினார். தலையால் ஒரே முட்டு.

கோல்!

நாட்டுக்காக ஆடிய முதல் ஆட்டம். பந்தைத் தொட்டது முதல் முறை. அதுவே வெற்றி கோல். இங்கிலாந்து 3-2 என்று வென்றது.

அன்று இங்கிலாந்தின் காப்டன் ஸ்டீவன் ஜெரார்டு. லிவர்பூல் பள்ளியில் தேறிய பையனும், தேறாத பையனும் ஒரே கோஷ்டியில் ஒரே நிறச் சட்டையோடு ஆட வந்திருந்தார்கள்.

அடுத்த மாதம் மால்டோவாவுடன் நடந்த ஆட்டத்திலும் லாம்பர்ட் ஒரு கோல் போட்டார். 2014-ல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கும் போனார். அங்கே உருகுவேயுடன் நடந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் இறங்கினார். அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து தோற்று, முதல் சுற்றோடு திரும்பியது. நாட்டுக்காக அவர் ஆடியது மொத்தம் 11 ஆட்டங்கள். கோல் 3.

விரட்டிய வீடே அழைத்தது

உலகக் கோப்பை தொடங்கும் முன்பே இன்னோர் அதிசயம் நடந்தது. 2014 ஜூன் மாதம் லிவர்பூல் கிளப் அவரை வாங்கியது! விலை சுமார் 40 லட்சம் பவுன்.

15 வயதில் இலவசமாக இருந்தவனை வேண்டாம் என்றார்கள். 32 வயதில் 40 லட்சம் கொடுத்து அழைத்தார்கள். கோல் அடிக்கிறவர் அணியும் 9-ம் எண் சட்டையும் தந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமாப் படம் போல இருக்கும். ஆனால் வாழ்க்கை சினிமா அல்லவே!

லிவர்பூலில் அவருக்கு முழு நேர இடம் கிடைக்கவில்லை. பெரும்பாலும் பிறருக்குப் பதிலாகத்தான் இறங்கினார். முதல் லீக் கோல் போட நவம்பர் வரை காத்திருந்தார். கிரிஸ்டல் பேலஸ் கிளப்புடன் நடந்த அந்த ஆட்டத்தில் கோல் போட்டும் லிவர்பூல் தோற்றுவிட்டது. சில நாட்களில் ஐரோப்பிய சாம்பியன் போட்டியில் பல்கேரியாவின் லுடோகரெட்ஸ் கிளப்புக்கு எதிராக ஒரு கோல். லிவர்பூல் சட்டையில் அவர் போட்டவை எல்லாம் சேர்த்து 3.

ஒரு வருடம்தான். 2015-ல் வெஸ்ட் பிராம்விச் கிளப்புக்குப் போனார். அங்கே ஒரே ஒரு கோல். 2016-ல் வேல்ஸ் நாட்டின் கார்டிப் கிளப். அங்கே 4 கோல். 2017-ம் ஆண்டு அக்டோபர் மாதம், 35 வயதில் ஆட்டத்தில் இருந்து ஓய்வு பெற்றார்.

அவர் சேர்த்த கணக்கு

லாம்பர்ட் போட்ட லீக் கோல் மட்டும் 200-க்கு மேல். நாலு படிகளிலும் கோல் போட்டார். சவுத்தாம்ப்டனுக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 117.

ஆசைப்பட்ட லிவர்பூலில் 3 கோல்தான். ஆசைப்படாமல் போய்ச் சேர்ந்த சவுத்தாம்ப்டனில் 117! அந்த ஊர் மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடினார்கள்.

15 வயதில் அவரை ‘வேண்டாம்’ என்றவர்கள் குருடர்கள் அல்ல. அன்று அவர்கள் கண்ட பையன் மெதுவாக ஓடினான். அதற்குப் பிறகு 12 ஆண்டுகளில் அவன் என்ன ஆவான் என்பதை அன்றைக்கே யாராலும் பார்க்க முடியாது. அவனுக்கே அது தெரியாது.

விடாமல் நின்றவர்கள் எல்லாரும் லாம்பர்ட் ஆகிவிடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. அடிப்படியிலேயே ஆடி, அடிப்படியிலேயே ஓய்வு பெற்ற நல்ல ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்கள் உழைப்பும் உழைப்புதான்.

ஆனால் லாம்பர்ட் ராச்டேலில் சில ஆயிரம் பேர் முன்பு தலையால் முட்டப் பழகி இருந்தார். அதனால்தான் வெம்பிளியில் பந்து வந்தபோது, தலை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது.

பரீட்சையில் தவறிய பிள்ளையைத் திட்டப் போகிற தகப்பனார், ஒரு நிமிடம் நின்று இந்தக் கதையை அந்தப் பிள்ளைக்குப் படித்துக் காட்டலாம். எடையைக் குறைத்த பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்!